தந்தியில்லாத தம்புரா



நம் நாட்டில் இசை பயிலும் பிள்ளைகள் பலர் இக்காலத்தில் தம்புராவைக் கண்ணாற் காணாமலே அதன் ஒலியோடு இயைந்து பாடப் பழகுகின்றனர். ஆசிரியர் கையடக்கத் தொலைபேசியை மேசைமீது வைத்து ஒரு செயலியைத் தொடக்கிவிடுகிறார். பஞ்சமமும் சட்ஜமும் மாறி மாறி ஒலிக்கின்றன. அச்சிறு கருவிக்குள் குடமுமில்லை, தந்தியுமில்லை, மீட்டும் விரலுமில்லை. அங்ஙனமாயின் அவ்வொலி எவ்வாறு பிறந்தது? அதனை இயற்றியவர் எந்த முறையைக் கைக்கொண்டார்? வேறு முறைகளும் உளவெனின், அவற்றுள் எதனை எதற்காகத் தேர்தல் வேண்டும்? இவ்வினாக்களே இன்றைய பேச்சின் பொருள்.

இது பொறியியலாளருக்கு உரிய பொருளன்றோ, கலைப்பட்டதாரியாகிய பாடசாலை அதிபர் ஒருவர் இதனைப் பேசப் புகுவானேன் என்று சிலர் எண்ணலாம். கம்பளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலும் உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணாக்கர் இன்று தாமே மென்பொருள் இயற்ற முற்படுகின்றனர். இயற்றத் தொடங்கியதும் அவர்களுக்கு ஒலி வேண்டியிருக்கிறது. கணக்கை எழுதும் திறன் அவர்களிடம் உண்டு. எந்த ஒலியில் எது இன்றியமையாதது என்று கேட்டறியும் பழக்கமோ இசையாலும் இலக்கியத்தாலும் வருவது. அந்த அளவிலேயே யான் பேசத் துணிகின்றேன்.

முதலில், கணினி ஒலியை எவ்வாறு கையாளுகிறது என்பதைச் சுருங்கக் கூறுவோம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வின் உயர்வு தாழ்வை ஒரு செக்கனில் 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிவைத்தால், அவ்வெண் வரிசையிலிருந்தே ஒலியை மீட்டுப் பெறலாம். மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். கேட்க வேண்டிய மிகவுயர்ந்த மீடிறனைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை அளத்தல் வேண்டும் என்பது விதி. அதனாலேயே இத்தொகை கொள்ளப்பட்டது. இனி, அளந்து பெற்ற எண்களுக்குப் பதிலாக, கணக்கிட்டுப் பெற்ற எண்களை அவ்விடத்தில் வைத்தால் என்னாகும்? உலகில் எங்கும் ஒலித்திராத ஒலியொன்று பிறக்கும். 1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் மக்ஸ் மத்யூஸ் என்பவர் எழுதிய கணினி நிரல், இம்முறையில் 17 செக்கன் நீளமுள்ள சிறு இசையொன்றை ஒலிப்பித்தது. ஒலித்தொகுப்பு என்று இன்று நாம் கூறும் கலை கணினியிற் கால்கொண்டது அங்ஙனமே.

எந்த எண்களை எழுதுவது என்பதிலேதான் முறைகள் வேறுபடுகின்றன. அவற்றை ஒப்புநோக்குவதற்கு நமக்கு ஓர் உரைகல் வேண்டும். தம்புராவையே உரைகல்லாகக் கொள்வோம்.

தம்புராவுக்கு நான்கு தந்திகள். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்பன அவற்றின் பெயர்கள். அவற்றை எளிய கருவியென்று எண்ணிவிடலாகாது. அதன் குதிரை அகன்று, மேற்புறம் சற்றே வளைந்திருக்கும். தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு மெல்லிய நூலைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்தி இசைவாணர் ஓரிடம் காண்கின்றனர். அந்நூலுக்கு ஜீவாளி என்று பெயர். நூல் தன்னிடத்தில் அமைந்தவுடன், மந்தமாக ஒலித்த தந்தி ரீங்காரமிட்டு எழுகின்றது.

இதன் காரணத்தை ஆராய்ந்தவர் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன். ஒரு தந்தி அதிரும்போது அதன் அடிப்படைத் தொனியோடு இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு மீடிறனுடைய மேற்றொனிகளும் கூடவே எழுகின்றன. ஒரு மேற்றொனிக்கு அசைவற்ற கணுவாக அமைந்த இடத்தில் தந்தியை மீட்டினால், அந்த மேற்றொனி பிறத்தலாகாது என்பது பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அங்ஙனம் மீட்டியபோதும் அந்த மேற்றொனி தெளிவாகக் கேட்பதை இராமன் 1921 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அதிரும் தந்தி வளைந்த குதிரையை ஓயாது தொட்டுத் தொட்டு விலகுவதனால், கீழ்த்தொனிகளின் ஆற்றல் மேற்றொனிகளுக்குப் பகிரப்படுகின்றது. எனவே தம்புராவின் உயிர் அதன் சுருதியில் மட்டும் இல்லை. மீட்டிய பின்னரும் செக்கனுக்குச் செக்கன் மாறிக்கொண்டேயிருக்கும் மேற்றொனிக் கூட்டத்திலும் உள்ளது. இதனை நினைவிற் கொண்டு முறைகளைப் பார்ப்போம்.

முதலாவது முறை, பதிவு செய்தல். உண்மைத் தம்புராவை மீட்டிப் பதிந்து, வேண்டும்போது ஒலிப்பிப்பது. நான்கு தந்திகளும் ஒரு சுற்று ஒலித்து முடிய ஆறு செக்கன் என்று கொண்டால், ஓர் எண்ணுக்கு இரண்டு பைற்றாக 5,29,200 பைற்று வேண்டும். இக்காலத்துக் கைத்தொலைபேசிக்கு இது ஒரு பொருட்டன்று. ஒலியும் உண்மையானது. ஆயினும் இம்முறைக்கு இரு குறைகள் உண்டு. சுருதியை உயர்த்த விரும்பிப் பதிவை விரைவாக ஓட்டினால், தந்தியோடு குடத்தின் பரிவும் சேர்ந்து உயர்கிறது. பெரிய தம்புரா சிறிய விளையாட்டுப் பொருளாகிவிட்டாற் போலக் கேட்கும். அன்றியும், அதே ஆறு செக்கனே மீண்டும் மீண்டும் வருவதனால் பழகிய செவி விரைவில் அதனைக் கண்டுகொள்ளும்.

இரண்டாவது முறை, கூட்டித் தொகுத்தல். எத்தகைய மீளும் அலையையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் போரியர் 1822 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலிருந்து நமக்குக் கிட்டிய பேறு. செக்கனுக்கு 147 அதிர்வுடைய சட்ஜத்தை எடுத்துக்கொண்டால், கேட்கும் எல்லைக்குள் அதன் மடங்குகள் 136 உள்ளன. ஒவ்வொன்றும் எப்போது எழுந்து எப்போது தணிகிறது என்பதை அறிந்து எழுதிவிட்டால், ஜீவாளியின் ரீங்காரத்தை ஒவ்வோர் இழையாக நெய்துவிடலாம். கணினிக்கு இக்கணக்குச் சிரமமன்று. எழுதுபவருக்கே சிரமம், அத்தனை இழைகளின் போக்கையும் அவர் முன்னதாக அளந்தறிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது முறை, வடித்துத் தொகுத்தல். மேற்றொனிகள் நிரம்பிய முரட்டு அலையொன்றை முதலிற் பிறப்பித்து, வேண்டாத பகுதியை வடிகட்டியால் நீக்குவது. 1964 ஆம் ஆண்டில் றொபேட் மூக் அமைத்த மின்னிசைக் கருவி இம்முறையாற் புகழ்பெற்றது. வேலை எளிது, கணக்கும் குறைவு. ஆனால் வடிகட்டியைத் திறந்தால் மேற்றொனிகள் அனைத்தும் ஒருங்கே எழும். மூடினால் ஒருங்கே அடங்கும். தம்புராவிலோ ஒன்று எழ மற்றொன்று தணிகிறது. ஆதலின் இம்முறை தரும் ஒலி தம்புராவின் நிழலாகவே நின்றுவிடுகிறது.

நான்காவது முறை, மீடிறனைப் பண்பேற்றுதல். ஓர் அலையின் மீடிறனை மற்றோர் அலையைக் கொண்டு மிக விரைவாக அசைத்தால், இரண்டே அலைகளிலிருந்து எண்ணற்ற தொனிகள் முளைக்கின்றன. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967 ஆம் ஆண்டில் இதனைக் கண்டு, 1973 ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். 1983 ஆம் ஆண்டில் யமஹா நிறுவனம் வெளியிட்ட விசைப்பலகைக் கருவி இம்முறையை உலகெங்கும் பரப்பியது. கோயில் மணியோசை போன்ற உலோக ஒலிகளுக்கு இது மிகப் பொருந்தும். தம்புராவுக்கு இதனைப் பயன்படுத்தினால், ஓர் எண்ணைச் சற்றே மாற்றியதும் தொனிகள் யாவும் சேர்ந்து மாறுகின்றன. குறித்ததொரு ரீங்காரத்தை நோக்கி நடத்திச் செல்லுதல் அரிது.

ஐந்தாவது முறை, கருவியின் இயல்பையே கணக்கில் அமைத்தல். 1983 ஆம் ஆண்டில் கெவின் காப்ளஸ், அலெக்சாந்தர் ஸ்ட்ரோங் என்னும் இருவர் வெளியிட்ட செய்முறை இதற்குச் சிறந்த உதாரணம். நேயர்கள் மனக்கண்ணால் ஒரு வட்டத்தைக் காண்க. அதன்மேல் 300 எண்களை ஒழுங்கின்றி இடுகிறோம். கணினி வட்டத்தைச் சுற்றிவந்து எண்களை ஒவ்வொன்றாக ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. அனுப்பிய எண்ணின் இடத்தில், அவ்வெண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் சராசரியை எழுதிவைக்கிறது. செய்வது இவ்வளவே. 44,100 ஐ 300 ஆல் வகுத்தால் 147. எனவே ஏறத்தாழ நம் சட்ஜமே ஒலிக்கிறது. சராசரி காணுந்தோறும் கூர்மையான ஏற்றத்தாழ்வுகள் முதலிற் கரைந்து, மென்மையானவை பிந்திக் கரைகின்றன. மீட்டிய தந்தியிலும் நிகழ்வது இதுவே. சில வரி நிரலில் ஒரு தந்தி பிறந்துவிடுகிறது.

ஆனால் அத்தந்தி கித்தாரைப் போல ஒலிக்குமேயன்றித் தம்புராவாக ஒலிப்பதில்லை. காரணம், இராமன் சுட்டிய குதிரை அங்கு இல்லை. தந்தி வளைந்த பரப்பைத் தொட்டு விலகும் செயலையும் கணக்கிற் சேர்த்தால்தான் ரீங்காரம் வரும், அக்கணக்கோ கடினமானது. கடின உழைப்புக்கு ஈடாக ஒரு நன்மையும் உண்டு. செயலியைப் பயன்படுத்துபவர் ஜீவாளியைத் தாமே நகர்த்துவது போன்ற வசதியை இம்முறை இயல்பாகத் தரவல்லது.

இவ்வைந்தனுள் எது சிறந்தது? இவ்வாறு பொதுப்படக் கேட்டால் விடையில்லை. எந்த ஒலிக்கு, எந்தப் பயனுக்கு என்று சேர்த்துக் கேட்டல் வேண்டும். பாடுவோருக்குச் சுருதி கூட்டும் செயலிதான் நோக்கமெனில், பதிவு முறையைச் சற்றுத் திருத்திக் கொள்வதே நன்று. நான்கு தந்திகளையும் ஒருசேரப் பதியாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே, பல சுருதிகளில், பல தடவை மீட்டிப் பதிதல் வேண்டும். கணினி அவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் ஒரே சுற்று மீளும் குறை நீங்கும். பஞ்சமம் இல்லாத இந்தோளம் போன்ற இராகத்துக்கு, முதல் தந்தியை மத்தியமமாக மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான இசை மென்பொருள்கள் விசைப்பலகையின் பன்னிரு சுரங்களைச் சமமாகப் பகுத்த அளவில் அமைந்தவை. அவ்வளவின்படி பஞ்சமம் சட்ஜத்தைப் போல் 1.5 மடங்கு அன்று, 1.4983 மடங்கு. வேறுபாடு மிகச் சிறிதென்று தோன்றும். சட்ஜம் 147 ஆயின், அதன் மூன்றாம் மடங்கு 441. அதனோடு ஒன்ற வேண்டிய பஞ்சமத்தின் மேற்றொனி, சமப் பகுப்பில் 440.5 இல் நின்றுவிடுகிறது. இரண்டும் மோதுவதனால் இரண்டு செக்கனுக்கு ஒரு முறை ஒலி எழுந்து தாழ்கின்றது. பிள்ளைகள் நாடோறும் இதனையே கேட்டுப் பாடினால், ஒன்றிய சுருதியின் அமைதி எத்தகையதென்பதை அறியாமலே வளர்வர். முறையை எத்துணைக் கவனமாகத் தேர்ந்தாலும், இவ்வெண்ணைத் திருத்தாவிடின் உழைப்பு வீணாகும்.

இனி, நிலையாக நிற்கும் சுருதியை விட்டு, அசையும் சுரங்களுக்கு வருவோம். நம் இசையில் தோடி இராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைந்து அசைந்தே தன் உருவைக் காட்டுகிறது. வீணையின் சுரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து விசைப்பலகையில் அடுக்கினால் சுரங்கள் கிடைக்கும், கமகம் கிடைக்காது. ஐந்தாவது முறையில் வட்டத்திலுள்ள எண்களின் தொகையை மாற்றிக்கொண்டே சென்றால் சுரம் வழுக்கிச் செல்லும். அதிலும் கவனம் வேண்டும். தாழ்ந்த சுரத்தில் 300 ஐ 299 ஆக்கினால் 147 என்பது 147.5 ஆகிறது, படி தெரிவதில்லை. உயர்ந்த சுரத்தில் 50 ஐ 49 ஆக்கினால் 882 என்பது 900 ஆகிவிடுகிறது. கமகம் மாடிப்படி ஏறுவது போலத் தட்டுத் தட்டாகக் கேட்கும். எனவே முழு எண்களுக்கு இடைப்பட்ட பின்னங்களையும் கணக்கிடும் நிரல் வேண்டும். வீணை இசைக்கும் மென்பொருளை எழுதுவோர் உழைப்பை அஞ்சாது இவ்வழியிற் செல்வதே தக்கது.

தோற்கருவிகளுக்கு வேறு நியாயம். வெறுந்தோலை இழுத்துக் கட்டி அடித்தால், எழும் தொனிகள் முழு மடங்குகளாக அமைவதில்லை, 1, 1.59, 2.14, 2.30 என்னும் விகிதங்களில் அமையும். அதனால் சுருதி துலங்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரிய சாந்து, அத்தொனிகளை முழு மடங்குகளுக்கு இழுத்துக் கொணர்கிறது என்பதையும் இராமனே, சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து, 1920 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆகவே மிருதங்கத்தைக் கூட்டித் தொகுப்பது ஓரளவு எளிது. ஒழுங்கு முன்னரே அங்கு உள்ளது.

நம் மலையகத்துத் தப்புக்கு அத்தகைய சாந்து இல்லை. 1820 களில் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். அங்ஙனம் தொடங்கிப் பெருகிய தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்த மக்களோடு வந்த கருவி அது. விடியற்காலையில் தொழிலாளரைத் துயிலெழுப்பியதும், காமன்கூத்துக்கும் பொன்னர் சங்கருக்கும் அடித்ததும், இறுதி யாத்திரையில் முன்னே சென்றதும் தப்பே. மழைக்காலத்தில் அதன் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். கலைஞர் தீ மூட்டி அதனைக் காய்ச்சுகின்றார். தோல் இறுகி ஒலி எழுகிறது. ஆட்டம் நீள நீள மீண்டும் தளர்கிறது. ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய நெடுங்குச்சி. அடிக்கும் இடமும் வன்மையும் மாறுந்தோறும் தொனி மாறுகிறது.

தப்பின் ஒலி விலைக்கு வாங்கும் ஒலித்தொகுதிகளில் எளிதிற் கிட்டுவதன்று. ஆதலின் மாணவர் ஒருவர் வேறு நாட்டு முரசொலி ஒன்றை எடுத்து, அதனையே தப்பென்று தம் விளையாட்டில் அமைத்துவிடுதல் இயல்பு. சூத்திரத்தால் அவ்வொலியை ஆக்குவோமெனில், ஒழுங்கற்ற தொனிகளையும் வெப்பத்தால் மாறும் இறுக்கத்தையும் அளந்த கணக்கு நம் கையில் வேண்டும். எனவே இங்குப் பதிவு முறையே முதற்படி. ஒரே அடியைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிப்பித்தால் அது இயந்திரத்தின் சத்தமாகிவிடும். ஆறு வகை அடி, ஒவ்வொன்றும் ஐந்து வன்மையில், ஒவ்வொரு வன்மையிலும் நான்கு தடவை எனப் பதிந்தால் 120 பதிவுகள். ஒன்றுக்கு இரண்டு செக்கன் என்று கொள்ளின், மொத்தம் ஏறத்தாழ 21 மெகாபைற்று. காய்ச்சிய உடனும் தளர்ந்த பின்னும் தனித்தனியே பதிந்தால் அதனைப் போல் இரு மடங்கு. ஒரு கைத்தொலைபேசியில் சில ஒளிப்படங்கள் கொள்ளும் இடம் இது. ஒரு பாடசாலையின் மாணாக்கர் ஒரு விடுமுறைக் காலத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

அங்ஙனம் பதிவோர் கலைஞரிடம் நோக்கத்தைச் சொல்லி, இசைவு பெற்று, உரிய ஊதியம் கொடுத்து, அவர் பெயரையும் மென்பொருளிற் பொறித்தல் முறை. எண்களாக மாறிய பின்னரும் அந்த அடி அவர் கையினதே.

ஒலி வேண்டும் இளைஞர்களுக்கு யான் கூறுவது இதுவே. புதிய முறை எது, பெரிய நிறுவனங்கள் கையாளும் முறை எது என்று முதலில் வினவாதீர்கள். நீங்கள் ஆக்க விரும்பும் ஒலியைச் செவிமடுத்துக் கேளுங்கள். அதன் உயிர் மீட்டிய கணத்தில் உள்ளதா, பின்னர் மாறும் ரீங்காரத்தில் உள்ளதா, சுரம் விட்டுச் சுரம் செல்லும் வழியில் உள்ளதா என்று காணுங்கள். பயன்படுத்துவோர் எதனை மாற்ற விரும்புவர் என்று அடுத்துக் கேளுங்கள். உங்கள் கருவியின் ஆற்றலையும் உங்களிடமுள்ள காலத்தையும் இறுதியில் எண்ணுங்கள். இவ்வரிசையிற் கேட்டால், சுருதிக்குத் தனித்தனித் தந்திப் பதிவு, வீணைக்குத் தந்தியின் கணக்கு, மணிக்குப் பண்பேற்றம், தப்புக்குப் பல்வகை அடிகளின் பதிவு என முறை தானே துலங்கும்.

1970 களின் இறுதியில் பெங்களூரில் ராஜ் நாராயண் என்னும் பொறியியலாளர் இலத்திரனியல் சுருதிப்பெட்டியை ஆக்கினார். அவர் குழலிசைக் கலைஞருமாவார். செவியும் கணக்கும் ஒருவரிடத்தே கூடியிருந்தன. நம் பாடசாலைகளில் இசை அறையும் கணினி அறையும் பெரும்பாலும் வெவ்வேறு கட்டடங்களில் உள்ளன. வாரத்தில் ஒரு பாடவேளையேனும் இசை ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே அறையில் மாணாக்கரோடு அமர்வாராயின், தப்பின் 120 அடிகளைப் பதியும் பணியை அங்கிருந்தே தொடங்கலாம்.